டேட்டாபேஸ் மாற்றங்களை வெளியே அனுப்பப் போய், மாட்டுத்தாவணியில் நான் பட்ட பாடு

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை 2:50-க்கு போன் அடித்தது. மறுநாள் ஞாயிறு, பெரிய முகூர்த்தம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் செய்து கொடுத்திருந்த வெப் அப்ளிகேஷன் திறக்கவில்லை. "என்னம்மா, ஒண்ணுமே வரமாட்டேங்குது. உசிலம்பட்டி வண்டி வந்து நிக்குது, சிட்டை போட முடியல" என்றார் கடைக்கார அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பத்து நிமிடத்தில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். சர்வரில் 60 ஜிபி டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்து, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் செத்துக் கிடந்தது. ஏன் நிறைந்தது என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவே இல்லை.

நான் திருநகரில் வீட்டிலிருந்து தனியாக வேலை செய்கிறேன். பக்கத்து சீட்டில் திரும்பிக் கேட்க ஆள் கிடையாது. டேட்டாபேஸில் ஒரு வரி மாறினால் அந்த மாற்றத்தை உடனுக்குடன் வெளியே உள்ள வேறு சேவைகளுக்கு அனுப்புவது எப்படி என்பதை இரண்டு வருடமாக அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இதே வேலையில் கை வைக்கப் போகிறவர் யாராவது இதைப் படித்து ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்கினால் சரி. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கடையின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு தாண்டியதும் மல்லி, பிச்சி, சம்பங்கி மூட்டைகள் வரத் தொடங்கும். ஒவ்வொரு விவசாயியின் பூவையும் எடை போட்டு, அன்றைய விலையை வைத்து, கமிஷன் கழித்து, முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு சிட்டை, அதாவது விவசாயிக்கான கணக்குச் சீட்டு, போடுவார்கள். பூவுக்கு ஒரே விலை என்று கிடையாது. முகூர்த்த நாளில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தடவை ஏறும், மழை பெய்தால் இறங்கும். அப்ளிகேஷன் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில், பின்னால் போஸ்ட்கிரெஸ். இதிலிருந்து மூன்று இடங்களுக்குத் தகவல் போக வேண்டும்: விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ், ஆடிட்டர் பார்க்கும் ஆன்லைன் கணக்குச் சேவை, கடைக்காரரின் மகன் சென்னையிலிருந்து பார்க்கும் விலைப் பலகை.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சிட்டை சேவ் ஆனதும் ஜாங்கோவின் போஸ்ட்_சேவ் சிக்னலில் எஸ்எம்எஸ்ஸை அனுப்பு, கணக்குச் சேவையைக் கூப்பிடு என்று எழுதிவிட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் திருமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் போனைக் காட்டி, "எட்டாயிரத்துச் சொச்சம்னு வந்திருக்கு, இங்க இல்லைங்கிறீங்க" என்று கேட்டார். நடந்தது இதுதான்: சிட்டை போடும் டிரான்சாக்ஷனின் (முழுதாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத மாற்றங்களின் தொகுப்பு) பாதியில் செய்தி போய்விட்டது, அதற்குப் பிறகு முன்பணக் கணக்கில் ஒரு பிழை வந்து டிரான்சாக்ஷன் முழுவதும் ரோல்பேக் ஆகி, நடக்காதது போல ஆகிவிட்டது. டேட்டாபேஸ் மறந்துவிட்டது, போனுக்குப் போன செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. இதற்கு ஆன்_கமிட் என்று ஒரு வசதி இருக்கிறது, கமிட் ஆன, அதாவது மாற்றம் உறுதியாகப் பதிந்த, பிறகுதான் அனுப்பும். மாற்றினேன். அதிலும் ஓட்டை. கமிட் ஆன பிறகு, அனுப்புவதற்கு முன்னால், சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அந்தச் செய்தி காணாமலே போய்விடும். காணாமல் போனதற்கு எங்கேயும் தடயம்கூட இருக்காது.

அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. காலையில் விலை திருத்தும்போது அன்றைய சிட்டைகள் எல்லாவற்றையும் ஒரே அப்டேட் கட்டளையில் மாற்றுவது போல எழுதியிருந்தேன். ஜாங்கோவில் குவெரிசெட்டின் அப்டேட்டும் (பல வரிகளை ஒன்றாக மாற்றுவது), பல்க்_கிரியேட்டும் (பல வரிகளை ஒன்றாகச் சேர்ப்பது) சேவ் என்பதைக் கூப்பிடாது, போஸ்ட்_சேவ் சிக்னலும் எழாது. அதன் ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கடையில் புது விலை, ஆடிட்டரிடம் பழைய விலை. இரண்டு இடத்தில் எழுத வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிரான்சாக்ஷன் கிடையாது என்றால், என்றைக்காவது ஒன்று எழுதப்பட்டு மற்றது விட்டுப்போகும். நிரலை எவ்வளவு அழகாக எழுதினாலும் இது மாறாது.

சரி, தள்ளுவதை விட்டுவிட்டு இழுப்போம் என்று, நிமிடத்துக்கு ஒருமுறை "கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு மாறிய வரிகளைக் கொடு" என்று கேட்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். டேபிளில் அப்டேட்டட்_அட் என்று ஒரு நெடுவரிசை, அதில் வரி மாறிய நேரம். கேட்பதற்கு எளிமையாக இருக்கும். மூன்று வாரம் கழித்து ஆடிட்டர் ஆபீஸிலிருந்து 18,640 ரூபாய் இடிக்கிறது என்று பட்டியலோடு வந்தார்கள். அந்தத் தொகையைத் தேடியே நான்கு நாள் போனது. நான் கண்டுபிடித்ததை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விழாதவர்கள் குறைவு. போஸ்ட்கிரெஸில் நேரம் கேட்கும் நவ் என்ற செயல்பாடு டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தைத் தரும், முடிந்த நேரத்தை அல்ல. 4:00:10-க்குத் தொடங்கிய ஒரு பெரிய டிரான்சாக்ஷன் 4:01:20-க்குத்தான் கமிட் ஆகிறது என்று வையுங்கள். 4:01:00-க்கு வந்து பார்த்த ஸ்கிரிப்டுக்கு அந்த வரிகள் கண்ணில் படாது. 4:02:00-க்கு அது மறுபடி வரும்போது 4:01:00-க்குப் பிறகு மாறியவற்றைத்தான் கேட்கும். வரியில் இருப்பதோ 4:00:10. அந்த வரி எப்போதைக்குமாக விட்டுப்போய்விடும். நேரத்துக்குப் பதிலாக வரிசை எண்ணை வைத்தாலும் இதே கதைதான், எண் வாங்கிய வரிசையிலேயே கமிட் ஆகும் என்ற உறுதி இல்லை. அழித்த வரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இல்லாத வரியில் எந்த நேரத்தைத் தேடுவது? கணக்குப்பிள்ளை தப்பாகப் போட்டு அழித்த சிட்டைகள் எல்லாம் ஆடிட்டரிடம் உயிரோடு இருந்தன.

அப்போதுதான் லாஜிக்கல் டீகோடிங் பக்கம் போனேன். கடைக்கார அண்ணனுக்கு இதை விளக்கும்போது அவருடைய நோட்டுகளையே காட்டினேன். கடையில் வரவு வந்ததும் முதலில் சிட்டா என்ற தினசரிக் குறிப்பேட்டில் ஒரு வரி விழும், பிறகுதான் பேரேட்டில் ஆளாளுக்குப் பிரித்து ஏறும். போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். டேபிள்கள் பேரேடு என்றால், அதற்கு முன்னால் எல்லா மாற்றமும் நடந்த வரிசையில் எழுதப்படும் வால் (WAL) என்ற பதிவு சிட்டா. மின்சாரம் போய் வந்தால் அதை வைத்துத்தான் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். அந்தச் சிட்டாவையே வெளியே ஒருவர் படிக்க முடிந்தால், சிக்னல் எழுந்ததா, எந்தக் கட்டளையில் மாறியது என்ற கவலையே வேண்டாம். கமிட் ஆனது மட்டும், கமிட் ஆன வரிசையில், அழித்தது உட்பட வரும். போஸ்ட்கிரெஸ் 9.4-இல், 2014-இல், இந்த வசதி வந்தது. வால்_லெவல் என்ற அமைப்பை லாஜிக்கல் என்று மாற்றி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று உருவாக்க வேண்டும். ஸ்லாட் என்பது சிட்டாவில் வைத்த அடையாளக் கயிறு மாதிரி: இந்த வாசகர் இதுவரை படித்துவிட்டார் என்று டேட்டாபேஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். படிப்பதற்கு டெபீசியம் என்ற திறமூல மென்பொருளை எடுத்தேன். செய்திகளைப் பெரிய அளவில் கடத்தும் காஃப்கா வைக்கும் அளவுக்கு எங்களிடம் வேலை இல்லை, அதனால் டெபீசியம் சர்வர் என்ற தனி வடிவம், மாற்றங்களை எச்டிடிபி வழியாக நான் எழுதிய ஒரு சின்ன ரிசீவருக்கு அனுப்பும். ரிசீவர் அதே மூச்சில் மூன்று சேவைகளையும் கூப்பிடும். அந்த "அதே மூச்சில்" என்பதுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஆரம்பத்திலேயே நான்கு சின்ன விஷயங்கள் படுத்தின. விலை நெடுவரிசையில் 640.00 வர வேண்டிய இடத்தில் ஏதோ எழுத்துக் குவியல் வந்தது. டெபீசியம் நியூமரிக் எண்களை இயல்பாக பேஸ்64 பைட்டுகளாக அனுப்பும், டெசிமல் கையாளும் முறையை ஸ்டிரிங் என்று மாற்றினால் எண் எண்ணாகவே வரும். இரண்டாவது, நேரம். நேர மண்டலத்தோடு சேமித்த நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். நமக்கு 3 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 9:30. ஆபீஸ் நேரத்தில் வேலை நடக்கும் கடையாக இருந்தால் இது கண்ணிலேயே படாது. பூக்கடையில் நள்ளிரவுக்கும் 5:30-க்கும் நடுவில்தான் பாதி வியாபாரம். அது மொத்தமும் முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது, ஒரு வரியை அழித்தால் அதன் பிரைமரி கீ (டேபிளில் அந்த வரியை அடையாளம் காட்டும் மதிப்பு) மட்டும்தான் வரும். கணக்குச் சேவைக்கு வேண்டியது சிட்டை எண், அது வரவே இல்லை. அந்த டேபிளுக்கு மட்டும் ரெப்ளிகா ஐடென்டிட்டியை ஃபுல் என்று மாற்றினால் பழைய மதிப்புகள் எல்லாம் வரும், பதிலுக்கு வால் கொஞ்சம் பெருக்கும். நான்காவது, பெரிய மதிப்பு வைத்த நெடுவரிசை. ஒரு நாள் எடைகளை எல்லாம் ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரே மதிப்பாக வைத்திருந்தேன். இப்படிப் பெருத்த மதிப்பை போஸ்ட்கிரெஸ் தனியாக எடுத்து வைக்கும். அந்த வரியில் வேறு ஏதாவது மாறி, இந்த நெடுவரிசை மாறாமல் இருந்தால், அதன் மதிப்பு சிட்டாவில் வராது. டெபீசியம் அந்த இடத்தில் "மதிப்பு கிடைக்கவில்லை" என்பதற்கான ஓர் அடையாளச் சொல்லை வைத்து அனுப்பும். நான் அதையே விலைப் பலகையில் மேலே எழுதி, இருந்த எடைகளை அழித்துவிட்டேன். இந்த நான்கையும் ஒரு சோதனை டேட்டாபேஸில் அரை நாள் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடலாம்: ஒரு வரியைச் சேர்த்து, திருத்தி, அழித்து, விடியற்காலை நேரத்தோடு ஒன்று போட்டு, வருவதை வரி வரியாகப் படியுங்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமை. கணக்குச் சேவைக்குள் நுழைய உதவும் சாவியான டோக்கன் 90 நாளில் காலாவதியாகும். வியாழக்கிழமை மதியம் 3:40-க்கு அது காலாவதியானது. என் ரிசீவர் அந்தச் சேவையைக் கூப்பிட்டுத் தோற்று, டெபீசியத்துக்கும் தோல்வி என்று பதில் சொன்னது. டெபீசியம் சில முறை முயன்று பார்த்துவிட்டு நின்றுவிட்டது. எஸ்எம்எஸ்ஸும் நின்றது, விலைப் பலகையும் நின்றது. முகூர்த்த அவசரத்தில் கடையில் யாரும் கவனிக்கவில்லை. நானோ அன்று சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இருந்தேன். சரி, நின்றால் பிறகு தொடர்ந்துகொள்ளலாமே, ஸ்லாட் இடத்தை நினைவில் வைத்திருக்குமே? வைத்திருந்தது. அதுதான் ஆபத்து. வாசகர் படித்துவிட்டேன் என்று சொல்லும்வரை ஸ்லாட் ஒரு தாளையும் கிழிக்க விடாது. டிஸ்க் நிறைந்தாலும் விடாது. டேட்டாபேஸே சாகும் நிலை வந்தாலும் விடாது.

இவ்வளவு சின்னக் கடைக்கு 60 ஜிபி எப்படி நிறையும் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். வால் 16 எம்பி கோப்புகளாக இருக்கும். பேக்கப்புக்காக நான் ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 60 விநாடி என்று வைத்திருந்தேன். அதாவது ஏதாவது ஒரு சின்ன மாற்றம் நடந்திருந்தால் போதும், கோப்பு நிறையாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை அதை மூடி அடுத்ததைத் திறக்கும். லாகின் செஷன் டேபிளே போதும் அந்தச் சின்ன மாற்றத்துக்கு. நிமிடத்துக்கு 16 எம்பி, மணிக்கு 960 எம்பி. சாதாரணமாகப் பழைய கோப்புகள் அவ்வப்போது மறுபடி பயன்படுத்தப்பட்டுவிடும், அதனால் வருடக்கணக்கில் இது வெளியே தெரியாது. ஸ்லாட் பிடித்துக்கொண்டதும் எல்லாம் குவிந்தது. வியாழன் 3:40-லிருந்து சனி விடியற்காலை 2:40 வரை 35 மணி நேரம், 33 ஜிபிக்கு மேல். என் டிஸ்க்கில் காலியாக இருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கை முதலில் போவது வால் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு. பெரிய பெரிய கோப்புகள், பத்தை அழித்தால் டேட்டாபேஸ் எழுந்துவிடும் என்று தோன்றும். கட்டளையை அடித்துவிட்டு என்டர் தட்டாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தட்டியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் கோப்புகளைக் கையால் அழித்தால் டேட்டாபேஸ் மறுபடி எழாமலே போகலாம், எழுந்தாலும் கணக்கு சிதைந்திருக்கலாம். தயவுசெய்து தொடாதீர்கள். சரியான வழி இடம் கொடுப்பது. கிளவுட் பேனலில் டிஸ்க்கை 100 ஜிபி ஆக்கினேன். அப்படியும் எழவில்லை. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் போதாது, பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் தனித்தனியாகப் பெரிதாக்க வேண்டும் என்று நினைவுக்கு வர இருபது நிமிடம் ஆனது. 3:55-க்கு டேட்டாபேஸ் எழுந்தது. சும்மாவே இரண்டு ஜிபிக்கு ஒரு வெற்றுக் கோப்பை டிஸ்க்கில் வைத்திருந்தால் அதை அழித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுப்பியிருக்கலாம். இப்போது என் எல்லா சர்வரிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

அதோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் ஒரு மணி நேரம்தான். டோக்கனைப் புதுப்பித்து டெபீசியத்தை மறுபடி ஓட விட்டிருந்தால் 35 மணி நேரத்து மாற்றமும் ஒன்றுகூட விடாமல் வரிசையாக வந்திருக்கும். ஆனால் பயந்து போயிருந்தேன். மறுபடி நிறைந்துவிடுமோ என்ற ஒரே நினைப்பில் ஸ்லாட்டையே நீக்கிவிட்டேன். டிஸ்க் காலியானது, மனசும் லேசானது. அந்த 35 மணி நேரத்து மாற்றங்களும் அதோடு போயின. பிறகு, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்று டெபீசியத்தின் இடக்குறிப்புக் கோப்பையும் அழித்துவிட்டு ஓட விட்டேன். இடக்குறிப்பு இல்லை என்றால் அது ஸ்னாப்ஷாட் எடுக்கும்: டேபிளில் இருக்கும் எல்லா வரிகளையும் முதலிலிருந்து படித்து அனுப்பும். புதிதாகச் சேர்ந்த வரிக்கு சி என்றும், ஸ்னாப்ஷாட்டில் படித்த வரிக்கு ஆர் என்றும் அடையாளம் வைத்துத்தான் அனுப்புகிறது. என் ரிசீவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. காலை 8 மணியிலிருந்து 8:40 வரை, சித்திரையிலிருந்து போட்ட சிட்டைகளுக்கெல்லாம் எஸ்எம்எஸ் பறந்தது. நிறுத்துவதற்குள் 9,000-க்கு மேல் போய்விட்டன.

நான் அப்போது கடையில்தான் இருந்தேன். விடியற்காலையே வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி போயிருந்தேன், துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த சிட்டைகளைக் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வயதான அம்மா, சிலைமான் பக்கம், "ரெண்டாயிரத்து நானூறு வந்திருக்குன்னு பேரன் படிச்சுச் சொன்னான், வாங்கிட்டுப் போகலாம்னு பஸ் ஏறி வந்தேன்" என்றார். அது வைகாசியிலேயே பட்டுவாடா ஆன பணம். கடைக்கார அண்ணன் அவருக்குப் பஸ் காசும் டீயும் கொடுத்து அனுப்பினார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாகப் போய் அழுதேன். நிரல் தப்பாகிறது எல்லாருக்கும்தான். ஒரு விவசாயி அந்தக் கடையின் சிட்டையை நம்பித்தான் விலையைக்கூடக் கேட்காமல் பூவை இறக்கிவிட்டுப் போகிறார். அந்த நம்பிக்கையில் நான் கை வைத்துவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை.

பணக் கணக்கு இது: எஸ்எம்எஸ் செலவு இரண்டாயிரத்துக்கும் குறைவு. மூன்று மாதப் பராமரிப்புக் கட்டணம் 45,000 ரூபாயை நானே வேண்டாம் என்று விட்டேன். 35 மணி நேரத்து மாற்றங்களைக் கையால் ஒப்பிட்டு ஆடிட்டர் கணக்கைச் சரிசெய்ய ஒன்பது நாள். திரும்பக் கட்டியெழுப்ப ஐந்து வாரம், அந்த ஐந்து வாரத்தில் வர இருந்த இன்னொரு வேலையும் கை நழுவியது.

திரும்பக் கட்டியபோது முதலில் மாற்றியது, ஸ்லாட்டிலிருந்து படிப்பவர் வெளியே யாரையும் கூப்பிடக் கூடாது என்பது. வந்த மாற்றத்தை இன்னொரு சின்ன சர்வரில் இருக்கும் வரிசை டேபிளில் எழுதிவிட்டு உடனே "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அங்கிருந்து எஸ்எம்எஸ்ஸுக்கு ஓர் ஆள், கணக்குக்கு ஓர் ஆள், விலைப் பலகைக்கு ஓர் ஆள் என்று மூன்று தனித்தனி அனுப்பிகள். ஒன்று நின்றால் அதன் வரிசை மட்டும் நீளும். மற்ற இரண்டும் ஓடும், கடையின் டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது. பத்து முறை முயன்றும் போகாததைத் தனியாக ஒதுக்கி வைத்து எனக்குச் செய்தி வரும், அந்த ஒன்றுக்காகப் பின்னால் இருப்பவை காத்திருக்காது.

இரண்டாவது, டேபிள்களையே வெளியே காட்டுவதை நிறுத்தினேன். அவுட்பாக்ஸ் என்று ஒரு டேபிள். சிட்டை மாறும் அதே டிரான்சாக்ஷனில் "இன்ன சிட்டை, இன்ன தொகை" என்று ஒரு வரி அதில் விழும். ரோல்பேக் ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும். பல்க் அப்டேட்டையும் விடாமல் பிடிக்க, ஜாங்கோவில் எழுதாமல் டேட்டாபேஸ் ட்ரிகராகவே, அதாவது மாற்றம் நடந்ததும் டேட்டாபேஸே தானாக ஓட்டும் கட்டளையாக, வைத்தேன். டெபீசியம் அந்த ஒரு டேபிளை மட்டும் பார்க்கும். நான் உள்ளே ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினாலும் ஆடிட்டர் பக்கம் உடையாது. இதில் இன்னொரு நிம்மதி, விவசாயியின் வங்கி எண், முன்பண பாக்கி எல்லாம் விலைப் பலகை வரை போய்க்கொண்டிருந்தது நின்றது. முழு வரியையும் அனுப்பும்போது என்னென்ன வெளியே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, சட்டம் வராவிட்டாலும் அடுத்தவர் வீட்டுக் கடன் கணக்கு வெளியே சுற்றக் கூடாது.

மூன்றாவது, ஒரே மாற்றம் இரண்டு தடவை வரும் என்று ஒப்புக்கொண்டு எழுதினேன். மாற்றங்கள் தொடர்ந்து வரும் இந்த மாதிரி ஓடையில் "குறைந்தது ஒரு தடவை" என்பதுதான் உத்தரவாதம், நின்று மறுபடி ஓடும்போது கடைசியில் வந்த சில மறுபடி வரும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி எண், ஒவ்வொரு சிட்டைக்கும் ஏறிக்கொண்டே போகும் திருத்த எண். பழைய திருத்தம் தாமதமாக வந்தால் ஒதுக்கிவிடும். இங்கே ஒரு முடிவை நீங்களேதான் எடுக்க வேண்டும்: அனுப்பிவிட்டு "அனுப்பியாச்சு" என்று குறிப்பதா, குறித்துவிட்டு அனுப்புவதா? நடுவில் மின்சாரம் போனால் முதல் வழியில் இரண்டு தடவை போகும், இரண்டாவதில் போகாமலே விடும். கணக்குச் சேவைக்கு முதல் வழி, அங்கே அதே எண்ணில் இரண்டாவது தடவை போனால் அது ஏற்காது. எஸ்எம்எஸ்ஸுக்கு இரண்டாவது வழி. ஒரு செய்தி வராவிட்டால் விவசாயி கடையில் கேட்டுக்கொள்வார், இரண்டு வந்தால் பஸ் ஏறி வந்துவிடுவார். 24 மணி நேரத்துக்கு முந்தைய சிட்டைக்கு எஸ்எம்எஸ் அனுப்பவே கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரி அன்றைக்கே இருந்திருந்தால் அந்த அம்மா வந்திருக்க மாட்டார்.

டேட்டாபேஸ் பக்கம் செய்தவை சின்னவைதான், ஆனால் இவை இல்லாமல் ஸ்லாட் வைக்கவே வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பில் அது -1, எல்லையே கிடையாது என்று அர்த்தம். நான் 10 ஜிபி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும், ஓடை அறுந்துவிடும். ஆனால் கடை ஓடும். எது சாகலாம் எது சாகக் கூடாது என்று பகலில் நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அதுவரை போகாமல் இருக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து, 2 ஜிபி தாண்டினால் என் போன் அடிக்கும். செய்தியாக வராது, போனே அடிக்கும். ஒரே சர்வரில் இரண்டு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: வால் எல்லாருக்கும் பொது. உங்கள் டேட்டாபேஸ் சும்மா இருந்து பக்கத்து டேட்டாபேஸ் பரபரப்பாக இருந்தால், வாசகர் உயிரோடு இருந்தாலும் ஸ்லாட் நகராமல் நிற்கும். டெபீசியத்தில் ஹார்ட்பீட் வைத்து, அது ஒரு சின்ன டேபிளில் அவ்வப்போது எழுதும்படி செய்துவிட்டால் நகரும்.

இவ்வளவும் செய்த பிறகு எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கடைக்கு டெபீசியமே தேவையில்லை. அவுட்பாக்ஸ் டேபிள் வந்துவிட்டால், ஒரு ஸ்கிரிப்ட் அதில் அனுப்பாத வரிகளை எடுத்து அனுப்பி, வரியிலேயே அனுப்பியாச்சு என்று குறித்தால் போதும். நேரத்தையோ எண்ணையோ கடைசி இடமாக நம்பாமல் வரியிலேயே குறிப்பதால் முன்பு சொன்ன விட்டுப்போகும் தொல்லையும் கிடையாது. இரண்டு ஸ்கிரிப்ட் ஓடினால் ஸ்கிப் லாக்டு என்ற வசதி ஒரே வரியை இருவர் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும், அது 9.5-லிருந்து இருக்கிறது. சில விநாடித் தாமதத்தைப் பூ மார்க்கெட் தாராளமாகத் தாங்கும். ஒரு நாளில் சில ஆயிரம் மாற்றம்தான் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்ளிகேஷன் நிரலில் கை வைக்க முடியாத பழைய மென்பொருள், அல்லது மாற்றங்கள் உண்மையிலேயே வெள்ளமாக வரும் இடம் என்றால்தான் சிட்டாவைப் படிக்கப் போக வேண்டும். நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன், நன்றாகவும் ஓடுகிறது, அதனால் பிரிக்கவில்லை. அடுத்து நிலக்கோட்டையில் ஒரு கடைக்குச் செய்தபோது அவுட்பாக்ஸும் ஸ்கிரிப்டும் மட்டும்தான் வைத்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு நாள், கடை ஓய்ந்த மதிய நேரத்தில், கணக்குச் சேவையின் டோக்கனை நானே வேண்டுமென்று கெடுத்து வைப்பேன். போன் அடிக்கிறதா, வரிசை நீள்கிறதா, எஸ்எம்எஸ் தொடர்ந்து போகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சரியான டோக்கனை வைப்பேன். தினமும் காலை 11 மணிக்கு, அன்றைய சிட்டைகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று ஒரு ஸ்கிரிப்ட் ஒப்பிட்டு எனக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கும் ஒரே வரியில் எழுதும். தை மாத முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கணக்குச் சேவை நிஜமாகவே ஆறு மணி நேரம் படுத்துவிட்டது. என் போன் அடித்தது, எழுந்து பார்த்தேன், கணக்கு வரிசையில் 1,412 மாற்றங்கள் காத்திருந்தன, டிஸ்க் அசையவில்லை. கடைக்கார அண்ணனுக்குச் சொல்ல விடிந்த பிறகு கூப்பிட்டேன். "அப்படியாம்மா, எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு, மல்லி என்ன விலைக்குப் போகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.